தகப்பன் வாசலில் நிற்கும் நாயகர்கள்

27 ஜூலை 2025, ஞாயிறு

அலுவலகத்து இளையவர்கள் எல்லாரும் பார்த்து அழுதுவிட்டு வந்த 'சையாரா'வை நேற்று நானும் பார்த்தேன். நாயகிக்கு இளம் வயதிலேயே நினைவை அழிக்கும் நோய் வருகிறது. பாடகனான நாயகன் அவளை இழந்து தவிக்கிறான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், இடைவேளையில் வாங்கிய பாப்கார்னைத் தொடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதி முழுவதும் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அழுகையை நான் கேலி செய்யமாட்டேன். பாடல்கள் நன்றாகவே இருந்தன.

இந்திப் படம் என்றாலே முகம் சுளிக்கும் மதராசி என்று எனக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. இருபது பேர் எங்கிருந்தோ வந்து ஆடுகிறார்கள், நாயகி சுவிட்சர்லாந்துப் பனியில் ஷிஃபான் சேலையோடு நிற்கிறாள், கதையில் லாஜிக் இல்லை என்பவையே என் குறைகள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் எனக்குக் குறையே அல்ல. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த பரம்பரையில் வந்தவன் பாட்டையும் ஆட்டத்தையும் எப்படிக் குறை சொல்வான்? என் சந்தேகம் வேறு. காதலைப் போல் பெரிது உலகத்தில் இல்லை என்று பல தலைமுறைகளாகப் பாடிவரும் இந்த சினிமா, கடைசி ரீலில் தகப்பனின் சம்மதம் கிடைக்கும்வரை ஓர் அடிகூட நகர்வதில்லை. 'சையாரா'வில் குடும்பத்தின் எதிர்ப்பு பெரிதாக இல்லை. தகப்பன் உட்கார வேண்டிய நாற்காலியில் நோய் உட்கார்ந்திருக்கிறது. பழைய வெற்றிப் படங்களை மறுபடியும் பார்த்து, இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று இங்கே குறித்துவைக்க எண்ணியிருக்கிறேன்.

2 ஆகஸ்ட், சனி

மராத்தா மந்திர் திரையரங்கில் காலை பதினொன்றரை மணிக் காட்சி. 1995 அக்டோபரில் வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' அங்கே இன்னும் ஓடுகிறது. மும்பை சென்ட்ரல் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் அருகிலேயே இருப்பதால், பெட்டியும் படுக்கைச் சுருளுமாக வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் சிலர். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த இணைகள் சில. எனக்குப் பின்னால் இருந்த ஒரு நடுவயதுக்காரர் ஷாருக்கானின் வசனம் ஒவ்வொன்றையும் அவர் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை நான் மோசமான படம் என்று சொல்லவே இல்லை. ஆதித்ய சோப்ராவின் முதல் படம் என்று நம்ப முடியாத அளவுக்குக் கட்டுக்கோப்பாக இருக்கிறது. அந்தக் கட்டுக்கோப்புதான் எனக்கு உறுத்துகிறது. லண்டனில் கடை வைத்திருக்கும் பல்தேவ் சிங் தன் மகள் சிம்ரனுக்குப் பஞ்சாபில் மாப்பிள்ளை பார்த்துவைத்திருக்கிறார். அவள் ஐரோப்பாவைச் சுற்றிப்பார்க்க ஒரே ஒரு மாதம் கேட்கிறாள். தன் வாழ்க்கையிலிருந்தே ஒரு மாதத்தைத் தனக்குத் தரும்படி தகப்பனிடம் கெஞ்சுகிறாள். படம் தொடங்குவதே ஓர் அனுமதியில்தான். அந்தப் பயணத்தில் அவள் ஷாருக்கானைக் காதலிக்கிறாள்.

தாய் லஜ்ஜோவாக வரும் ஃபரீதா ஜலாலுக்கு இரண்டு காட்சிகள் இருக்கின்றன. சகோதரர்கள் படிப்பதற்காகத் தன் படிப்பு நிறுத்தப்பட்டதையும், மகளுக்காவது அந்த நிலை வரக்கூடாது என்று அவள் பிறந்தபோது தனக்குள் செய்துகொண்ட சத்தியத்தையும் முதல் காட்சியில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் காதலை மறந்துவிடு என்று மகளிடம் மன்றாடுகிறாள். பஞ்சாபில் வரும் இரண்டாவது காட்சியில், நகைகளை எடுத்துக் கொடுத்து, இருவரும் ஓடிப்போய்விடுங்கள் என்கிறாள். ஒரு பெண் ஆயுள் முழுவதும் அடக்கிவைத்திருந்த பேச்சு அது, படத்திலேயே துணிவான பேச்சும் அதுதான். நாயகன் அதை மறுத்துவிடுகிறான். அவள் கணவர் தாமாகக் கையைப் பிடித்துக் கொடுத்தால்தான் பெண்ணை அழைத்துப்போவேன் என்கிறான். அரங்கம் கைதட்டியது. லண்டனில் அதே பல்தேவ் சிங்கின் கடையில் பொய் சொல்லி பீரை அள்ளிக்கொண்டு ஓடியவனுக்கு, பஞ்சாப் மண்ணை மிதித்ததும் வந்துசேர்ந்த இந்த ஒழுக்கத்துக்குத்தான் கைதட்டல் என்று எனக்குத் தோன்றியது.

கடைசிக் காட்சியில் நாயகன் ஏறிய ரயில் நகர்கிறது, சிம்ரனின் மணிக்கட்டைத் தகப்பன் பிடித்திருக்கிறார், அவள் திமிறுகிறாள். அவர் விரல்களைத் தளர்த்தி "ஜா சிம்ரன், ஜா" (போ சிம்ரன், போ) என்ற பிறகுதான் அவள் ஓடத் தொடங்குகிறாள். (பஞ்சாப் என்று காட்டப்படும் அந்த நிலையம் பன்வேலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆப்டா.) அவளாகவே உதறிக்கொண்டு ஓடியிருந்தால் இந்தப் படம் முப்பது ஆண்டுகள் ஓடியிருக்குமா என்று வெளியே வரும்போது யோசித்தேன். மூன்று மாதம் ஓடியிருக்கும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நான் உங்களைக் கேக்காமலே பண்ணிக்கலாமாப்பா?" என்றாள். அதற்கான பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

1988ஆம் ஆண்டில் வந்த 'கயாமத் ஸே கயாமத் தக்' படத்தில் ஆமிர்கானும் ஜூஹி சாவ்லாவும் யாரையும் கேட்காமல் ஓடிப்போனார்கள். இறுதியில் இருவரும் இறந்தார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு கே. பாலசந்தர் இந்தியில் எடுத்த 'ஏக் தூஜே கே லியே'யில் கமலும் ரதி அக்னிஹோத்ரியும் அப்படியே இறந்தார்கள். 1989இல் வந்த 'மைனே ப்யார் கியா'வில் பணக்கார வீட்டுப் பிள்ளையான சல்மான்கான், தன் யோக்கியதையைப் பெண்ணின் தகப்பனுக்கு நிரூபிப்பதற்காகக் கல்குவாரியில் உடம்பு நோக உழைத்தார், பிழைத்துக்கொண்டார். கேட்டவன் பிழைப்பான், கேட்காதவன் சாவான் என்ற பாடத்தைத் தயாரிப்பாளர்கள் வசூல் கணக்கிலிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

'ஹம் ஆப்கே ஹைன் கௌன்'. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளம், பதினான்கு பாடல்கள். 1994இல் இது வந்தபோது, திருமண வீடியோவைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தக் கேலியில் இருந்த உண்மையே படத்தின் பலம். எண்பதுகளில் வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும் வந்தபிறகு, பெண்களும் பெரியவர்களும் அடிதடிப் படங்களையும் அழுக்குக் கொட்டகைகளையும் ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். படத்தைத் தயாரித்த ராஜ்ஸ்ரீ நிறுவனம் வீடியோ உரிமையை உடனே விற்காமல் நிறுத்திவைத்து, பார்க்க வேண்டுமென்றால் கொட்டகைக்குத்தான் வரவேண்டும் என்ற நிலையை உண்டாக்கி, மூன்று தலைமுறையையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது. பாட்டி, மகள், பேத்தி மூவரும் சேர்ந்து பார்க்கும் படத்தில் யாரும் வீட்டைவிட்டு ஓடமுடியாது.

மூத்தவள் மாடிப்படியில் உருண்டு இறந்துபோகிறாள். கைக்குழந்தையை வளர்ப்பதற்காக அவள் தங்கை நிஷாவை அக்காள் கணவனுக்கே மணமுடிக்கப் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். நிஷா காதலிப்பதோ அவருடைய தம்பியை. இரண்டரை மணி நேரம் ஊஞ்சலாடி, கவணடி வாங்கி, மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்து வாய் ஓயாமல் பேசிய மாதுரி தீட்சித்துக்கு இந்த இடத்தில் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. காதலனும் வாய் திறப்பதில்லை. அவள் எழுதிய கடிதத்தை டஃபி என்ற நாய் வாயில் கவ்விக்கொண்டு, கிருஷ்ணர் சிலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேரவேண்டியவனிடம் போகாமல் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. வீட்டில் அத்தனை பேர் இருந்தும் உண்மையைச் சொல்ல ஒரு நாய் தேவைப்பட்டது என்பதைப் படம் வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, பக்தியோடு காட்டுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது.

15 ஆகஸ்ட், வெள்ளி

'ஷோலே'வுக்கு இன்று ஐம்பது வயது. மும்பை மினர்வாவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படம். காதல் கதையாக இல்லாத இதில் என் சந்தேகத்துக்கு வேலை இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

இரண்டு இடங்களில் வேலை வந்தது. ஒன்று, கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைப் பிடிக்க இரண்டு திருடர்களை அமர்த்தும் முன்னாள் காவல் அதிகாரி தாக்கூரின் வீட்டு விதவை மருமகள் ராதா. அந்தத் திருடர்களில் ஒருவனான ஜெய் அவளை விரும்புகிறான்; மாலையில் அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போக, எதிரே திண்ணையில் அவன் மௌத் ஆர்கன் வாசிக்கிறான். மொத்த இந்தி சினிமாவிலும் நான் ஐயமின்றி வணங்கும் காட்சிகளில் அது ஒன்று. பிறகு தாக்கூர், ராதாவின் தகப்பனிடம் சென்று அவளுடைய மறுமணத்தைப் பற்றிப் பேசுகிறார். ஊர் என்ன சொல்லும் என்று அந்தப் பெரியவர் தயங்கினாலும் கடைசியில் சம்மதிக்கிறார். மாமனார், தகப்பன் என்று இரண்டு அனுமதியும் கிடைத்துவிடுகின்றன. ராதாவிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. அதற்கும் மேல், ஜெய் செத்துப்போகிறான். 1975இல் கதை எழுதிய சலீம்–ஜாவேத் விதவை மறுமணத்தைப் பேசும் அளவுக்குத் துணிந்தார்கள், நடத்திக் காட்டும் அளவுக்குத் துணியவில்லை. இறந்த நண்பனுக்காகக் கண்ணீர் விடும் அவசரத்தில் பார்வையாளர்களும் இதைக் கவனிப்பதில்லை.

மற்றொன்று, படத்தின் முடிவு. கைகளை இழந்த தாக்கூர் கப்பர் சிங்கைக் காலால் மிதித்தே கொல்வதாகத்தான் இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்திருந்தார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம்; காவல்துறையில் இருந்த ஒருவர் சட்டத்தைத் தன் கையில் எடுக்கலாமா என்று தணிக்கையினர் தடுத்தார்கள். கடைசி நேரத்தில் காவலர்கள் வந்து தாக்கூரை நிறுத்துவதுபோல் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. செப்பனிடப்பட்ட பிரதி, பழைய முடிவோடு, இந்த ஜூன் மாதம் இத்தாலியின் பொலோன்யாவில் திரையிடப்பட்டது. வீட்டில் தகப்பன் பிடித்திருந்த மணிக்கட்டை இந்தப் படத்தில் அரசாங்கம் பிடித்துக்கொண்டது என்பதைத் தவிர எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு சிறு குறிப்பு: தாக்கூரின் முழுப்பெயர் பல்தேவ் சிங். சிம்ரனின் தகப்பன் பெயரும் அதுவே. தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் ரசித்தேன்.

16 ஆகஸ்ட், சனி

அதே 1975இல் வந்த 'தீவார்'. தகப்பன் ஓடிப்போய்விட்டார், ஆகவே அதிகாரம் தாயிடம் வந்துசேர்கிறது. குற்றவாளியாகிவிட்ட மூத்த மகனைப் பிடிக்கப்போகும் போலீஸ்கார இளைய மகனின் கையில் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்து, சுடும்போது உன் கை நடுங்காதிருக்கட்டும் என்று நிருபா ராய் ஆசீர்வதிக்கிறார். "என்னிடம் அம்மா இருக்கிறாள்" என்ற வசனத்தை ஐம்பது ஆண்டுகளாக மெச்சுகிறவர்கள், அந்த அம்மாவால் பிள்ளைக்கு என்ன ஆனது என்பதைச் சொல்வதில்லை.

இதன் மறுகோடியில், தகப்பன் ஒருமுறை பாசமாகப் பார்க்கவேண்டும் என்பதற்காக மகன் பிணங்களைக் குவிக்கும் 2023ஆம் ஆண்டின் 'அனிமல்'. அதைப் பாதியில் நிறுத்தினேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

23 ஆகஸ்ட், சனி

நாகராஜ் மஞ்சுளேயின் 'சைராட்' மராத்திப் படம். ஆனால் அதன் இந்தி வடிவத்தைப் புரிந்துகொள்ள அதைப் பார்த்தே ஆகவேண்டும். மும்பை மாட்டுங்காவில் இத்தனை ஆண்டு குடியிருந்ததில் மராத்தி காதுக்குப் பழகிவிட்டது. மேல்சாதி அரசியல்வாதியின் மகள், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்; ஓடிப்போகிறார்கள், ஹைதராபாத்தில் குடும்பம் நடத்துகிறார்கள், குழந்தை பிறக்கிறது, பிறகு பெண் வீட்டார் பரிசுப் பொருள்களோடு வந்து இருவரையும் கொன்றுவிட்டுப் போகிறார்கள். இதில் அனுமதி கேட்கும் காட்சியே இல்லை. கேட்டாலும் கிடைக்காது என்பதை ஆர்ச்சியும் பர்ஷ்யாவும் அறிந்திருக்கிறார்கள். பல்தேவ் சிங்கைப் போல ஒரே சாதிக்குள், ஒரே பணத்துக்குள் இருக்கும் தகப்பன்தான் பிடியைத் தளர்த்துவார்.

2018இல் இந்தியில் 'தடக்' ஆனபோது கதை உதய்ப்பூருக்குப் போனது, அரண்மனைகளும் ஏரிகளும் வந்தன, சாதி மட்டும் மங்கிப்போயிற்று. பெண்ணைப் பிழைக்கவைத்துவிட்டுப் பையனையும் குழந்தையையும் கொன்றார்கள். தகப்பனின் கோபம் எதன்மேல் என்று விளங்காத பார்வையாளர், பையன் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரன் என்பதால் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மாற்றத்துக்கு 'சென்னை எக்ஸ்பிரஸ்'. 2013இல் இது வந்தபோது தமிழர்கள் பலருக்குக் கோபம். தீபிகா படுகோனின் இழுவைத் தமிழும், லுங்கியும் அரிவாளுமாகத் திரியும் ஊரும் எனக்கும் அலுப்பூட்டின. ஆனாலும் ரோஹித் ஷெட்டியின் படத்தில் ஒரு குறும்பு உண்டு: ஷாருக்கான் தன் பழைய படத்தின் பாணியிலேயே, ஓடும் ரயிலுக்குள் ஒருத்தியைக் கை நீட்டி ஏற்றி, அவளைத் துரத்திவரும் அடியாட்களையும் தானே ஏற்றிவிடுகிறார். தன் புகழைத் தானே இப்படிக் கிண்டல் செய்ய ஒரு பெருந்தன்மை வேண்டும்.

அந்தப் பெருந்தன்மை கடைசி அரைமணி நேரம் தாங்கவில்லை. ஓடிவந்த பெண்ணை அவரே திரும்ப ஊருக்கு அழைத்துப்போய், தகப்பனான சத்யராஜின் முன்னால் நிறுத்தி, பெண்களுக்கு இன்னும் சுதந்திரம் இல்லை என்று பிரசங்கம் செய்துவிட்டு, மீனம்மாவை யார் கட்டிக்கொள்வது என்பதை, தகப்பன் பார்த்துவைத்த மாப்பிள்ளையான தங்கபலியோடு அடித்துப் பிடித்துத் தீர்மானிக்கிறார். தகப்பன் மனம் இறங்குகிறார். பதினெட்டு ஆண்டு இடைவெளியில் ரயில் நிலையம் ஊர்ப் பொதுவிடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மகள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் எனக்கு வசதியான படங்களையே பொறுக்குவதாகச் சொல்லி, அடுத்த வாரத்துக்குக் கங்கனா ரனாவத் நடித்த 'குயீன்' படத்தை எடுத்துவைத்திருக்கிறாள். நாயகி நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் யாரிடமும் கேட்பதில்லையாம். சரி, பார்க்கிறேன். ஆனால் தேனிலவுக்குத் தனியாகப் பாரிஸ் போவதற்கு அவளும் வீட்டில் அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.