ஜிம்மியோட இடது கண்ணு

நேத்து ராத்திரி தூக்கம் வரல, டிவிய போட்டு சும்மா சேனல் மாத்திட்டே இருந்தேன். பழைய சாமான்களை சரி பண்ணிக் குடுக்குற ஷோ ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. கடிகாரம், ரேடியோ, மரக்குதிரைன்னு ஆளாளுக்கு எதையாவது தூக்கிட்டு வருவாங்க, அங்க இருக்கறவங்க பொறுமையா உக்காந்து சரி பண்ணுவாங்க, கடைசில வாங்கிட்டுப் போறவங்க அழுவாங்க. எப்பவும் இதேதான். நானும் பாதி கண்ணு ஃபோன்லதான் வெச்சிருந்தேன். அப்போ ஒரு வயசான அம்மா அட்டைப் பெட்டிய திறந்து ஒரு பொம்மைய எடுத்து மேஜை மேல படுக்க வெச்சாங்க பாருங்க, அதுக்கு ஒரு கண்ணு மூடிச்சு, இன்னொரு கண்ணு மூடல.

அவ்ளோதான், ஃபோன கீழ வெச்சுட்டேன். ஏன்னா அது என் ஜிம்மி. அதாவது ஜிம்மி இல்ல, முடி கலர் வேற, கவுன் வேற, ஆனா படுக்கும்போது ஒத்தக் கண்ணால கூரைய முறைச்சுப் பாக்குற அந்தப் பார்வை அப்படியே அவளேதான்.

பேர கேட்டு சிரிக்காதீங்க. நாய்க்கு வைக்கிற பேராச்சேன்னு அப்பவே எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. எனக்கு அப்போ அஞ்சு வயசு, தெரிஞ்ச பேர்லயே நல்ல பேரா பாத்து வெச்சேன், அவ்ளோதான். கிட்டத்தட்ட என் கை நீளம் இருப்பா. படுக்க வெச்சா கண்ண மூடுவா, தூக்கினா முழிப்பா, குப்புற சாய்ச்சு நிமித்தினா "ம்ம்ம்மா"ன்னு ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போடுவா. முதுகுல வட்டமா சின்னச் சின்ன ஓட்டைங்க இருக்கும், சத்தம் அது வழியாத்தான் வரும், நான் அதுல காத வெச்சுட்டுதான் தூங்குவேன். காதுல அந்த ஓட்டை பதிஞ்சு காலைல புள்ளி புள்ளியா இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் இடது கண்ணு மூடறத நிறுத்திடுச்சு. யார் பண்ணது? தம்பிதான், வேற யாரு. அவனுக்கு அப்போ மூணரை வயசு, கைல கிடைக்கிற எல்லாத்தையும் நோண்டுவான். நான் கத்தின கத்துல அம்மா வந்து அவனுக்கு ரெண்டு வெச்சாங்க. அவன் "நான் இல்ல நான் இல்ல"ன்னு அழுதது இப்பவும் கேக்குது. அன்னைலேர்ந்து எங்க வீட்ல இது வரலாறு: ஜிம்மி கண்ண நோண்டினவன். அவன் கல்யாணத்துல கூட நான் இத சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சேன்.

இப்போ ஷோவுக்கு வருவோம். ரிப்பேர் பண்றவங்க அந்த பொம்மையோட கழுத்த ஹேர் டிரையர்ல சூடு காட்டினாங்க, வினைல், அதான் அந்த மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக், இளகினதும் தலைய லேசா திருகிக் கழட்டிட்டாங்க. (இது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா என்னவெல்லாம் பண்ணிருப்பேனோ, நல்லவேளை தெரியல.) உள்ள பாத்தா ஒவ்வொரு கண்ணும் தனித்தனியா ஒரு குட்டி கப்புக்குள்ள உக்காந்துருக்கு, பின்னாடி ஒரு எடை. படுக்க வெச்சா அந்த எடை கீழ விழுந்து கண்ண உருட்டி மூடுது, தூக்கினா திரும்பி வருது, வேற எந்த மந்திரமும் கிடையாது. அதுக்கும் ரொம்ப முந்தின பீங்கான் பொம்மைகள்ல ரெண்டு கண்ணையும் ஒரே கம்பில கோத்து ஒரே எடையா வெச்சிருப்பாங்க, அதனால போனா ரெண்டும் சேந்துதான் போகும், ஒத்தக் கண்ணு மட்டும் மாட்டிக்கிறது இந்த தனித்தனி கப் வெச்ச பொம்மைங்க வழக்கம். ஷோல வந்த பொம்மைக்கு அந்த மூடாத கண்ணு சுத்துற குட்டிக் கம்பி துரு ஏறி இறுகிப் போயிருந்துச்சு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ரொம்ப நேரம் ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு அந்த அம்மாகிட்ட கேட்டாங்க, சின்ன வயசுல இத குளிப்பாட்டினீங்களான்னு.

எனக்கு வயித்துல ஏதோ கரைஞ்சுது.

குளிப்பாட்டினேனே. தலை முழுக்க நுரை போட்டு, பக்கெட்ல முக்கி, மூச்சு முட்டுமேன்னு நடுநடுவுல மேல தூக்கி, நல்லா குளிப்பாட்டினேன். பொம்மை முடி மண்டைல கொத்துக் கொத்தா தைச்சிருக்கும், ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு ஓட்டை, அது வழியா, கழுத்து வழியா, முதுகு ஓட்டை வழியா எல்லாம் தண்ணி உள்ள போயிருக்கும். குலுக்கினா உள்ள "சளக் சளக்"னு கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வயித்துல தண்ணி ரொம்பிடுச்சுன்னு அம்மாகிட்ட சந்தோஷமா போய் சொன்னேன். அதுக்கு கொஞ்ச நாள் கழிச்சுதான் கண்ணு. சத்தமும் அப்பதான் நின்னுச்சு. முதல்ல ஜலதோஷம் புடிச்ச மாதிரி கரகரன்னு வந்துச்சு, அப்புறம் வெறும் காத்து, அப்புறம் அதுவும் இல்ல. பேட்டரி தீந்துடுச்சுன்னு பெரியவங்க சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். ஆனா அந்த மாதிரி சாய்ச்சா கத்துற பொம்மைக்கு பேட்டரியே கிடையாதாம், உள்ள ஒரு குட்டி துருத்தி, அது மேல ஒரு எடை, சாய்க்கும்போது எடை துருத்திய அமுக்கி காத்து வெளிய வரும்போது "ம்மா". நனைஞ்சா துருத்தி அவ்ளோதான். இதெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து ஃபோன்ல தேடித் தேடிப் படிச்சது. அப்படியே எடிசன் வரைக்கும் போயிட்டேன். 1890-ல அவர் பேசுற பொம்மைன்னு வயித்துக்குள்ள குட்டி ஃபோனோகிராஃப் (பதிஞ்ச குரல திரும்பப் பாடுற பழைய காலத்து மெஷின்) வெச்சு வித்திருக்கார், கைப்பிடிய சுத்தினா ஒரு பொண்ணு குரல் பாட்டு சொல்லும், சில வாரத்துலயே வியாபாரத்த நிறுத்திட்டாங்க. அந்தக் குரல் ரெக்கார்டிங் இப்போ நெட்ல கிடைக்குது, தயவுசெஞ்சு ராத்திரில கேக்காதீங்க, நான் கேட்டுட்டேன்.

இன்னொண்ணும் படிச்சேன். வின்னிகாட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், குழந்தைங்க விடாம கட்டிப் புடிச்சிருக்கற போர்வை, பொம்மை பத்தி 1953-லயே எழுதியிருக்கார். அந்த சாமான் அழுக்கானாலும் நாத்தம் அடிச்சாலும் அம்மாக்காரங்க துவைக்காம விட்டுருவாங்களாம், துவைச்சா குழந்தைக்கு அது வேற சாமானாயிடும்னு அவங்களுக்குத் தெரியுமாம். சரிதான். எங்க வீட்ல அம்மா துவைக்கல, நானே துவைச்சுட்டேன்.

ஒத்தக் கண்ணோட பாத்துட்டு சித்தி பாவப்பட்டு அதே பொம்மைய புதுசா வாங்கிட்டு வந்தாங்க. அதே முடி, அதே கவுன், ரெண்டு கண்ணும் ஒழுங்கா மூடுது, "ம்மா"வும் சொல்லுது. நான் தொடவே இல்ல. எவ்ளோ நன்றிகெட்ட புள்ளன்னு சித்தி இன்னமும் சொல்வாங்க. 2008-ல வந்த ஒரு ஆராய்ச்சில, சாமான அச்சு அசலா நகல் எடுக்கற மெஷின்னு ஒரு பெட்டிய குழந்தைங்ககிட்ட காட்டியிருக்காங்க, தான் கட்டிப்புடிச்சு தூங்குற பொம்மைன்னா முக்காவாசி குழந்தைங்க ஒரிஜினல்தான் வேணும்னு சொல்லிருக்குங்க, சிலது அந்தப் பெட்டிக்குள்ள வைக்கவே விடலையாம். இத சித்திக்கு அனுப்பலாம்னு இருக்கேன்.

ஆனா இவ்ளோ பாசமா பேசுறேனே, ஜிம்மி இப்போ எங்கன்னு கேப்பீங்க. நான்தான் தூக்கிப் போட்டேன். காலேஜ் படிக்கும்போது லாஃப்ட் சுத்தம் பண்ணினோம், பாலிதீன் கவருக்குள்ள சுத்தி வெச்சிருந்தாங்க. எடுத்தா கை காலெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, கவுன் துணி தோலோட ஒட்டிப் போச்சு, வினைல் மெத்துன்னு இருக்கறதுக்கு சேக்கிற பிளாஸ்டிசைசர் சூட்டுல கசிஞ்சு வெளிய வந்துருமாம், கவர் போட்டு மூடி வெச்சா இன்னும் மோசம். அப்போ எனக்கு அதெல்லாம் என்ன தெரியும், ச்சீன்னு ரெண்டு விரலால தூக்கி குப்பைல போட்டுட்டு கை கழுவிட்டேன். துளி கூட வருத்தம் இல்ல, சத்தியமா. இதையும் அந்த டாக்டர் சொல்லிருக்கார், குழந்தை வளந்ததும் அந்த சாமான மறக்கவும் செய்யாது, அதுக்காக அழவும் செய்யாது, அதுபாட்டுக்கு அர்த்தம் இல்லாம போயிடும்னு. முதல் பாதி ஒத்துக்கறேன். ரெண்டாவது பாதிக்கு, நேத்து ராத்திரி யாரோ முன்ன பின்ன தெரியாத அம்மாவோட பொம்மை ரெண்டு கண்ணையும் மூடினப்போ என் மூஞ்சிய அவர் பாத்திருக்கணும்.

காலைல முதல் வேலையா தம்பிக்கு ஃபோன் போட்டேன். ஆஃபீஸ் கிளம்பற அவசரத்துல இருந்தான்.

"டேய், ஜிம்மி ஞாபகம் இருக்கா?"

"ஒத்தக் கண்ணு ஜிம்மியா? என்னக்கா காலங்காத்தால?"

துரு, எடை, குளிப்பாட்டினது எல்லாத்தையும் சொல்லி, "நீ நோண்டலடா, நான்தான் கெடுத்துருக்கேன், அடி வாங்கினது நீ, சாரிடா"ன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். சிரிப்பான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"இல்லக்கா, நான்தான் நோண்டினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பென்சில் முனையால குத்தினேன். உள்ள டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு."

மூணரை வயசு ஞாபகம். முப்பது வருஷமா நான் சொல்லிச் சொல்லியே அவனுக்குள்ள ஏத்தி விட்டதா, இல்ல நெசமாவே குத்தினானான்னு எனக்குப் புரியல. எந்தக் கண்ணுடான்னு கேட்டேன்.

யோசிக்கவே இல்ல. வலது கண்ணுன்னான்.