சுங்கை சிப்புட்லருந்து ஒரு சீக்கோ 6139 வாட்சு தேடின கதை

எங்கிட்ட இருக்கிற பழைய வாட்சுங்க எல்லாமே பெரும்பாலும் இந்தச் சுத்துவட்டாரத் தோட்டத்துல வேல செஞ்ச பெருசுங்க கட்டினதுதான், சீக்கோ 5, ஓரியண்ட், டைட்டோனி, ஒரு வெஸ்ட் எண்ட் கூட இருக்கு, ஆனா குரோனோகிராஃப்னு (பட்டன அமுக்கினா ஸ்டாப்வாட்ச் மாதிரி நேரம் எண்ணுற வாட்சு) ஒன்னு மட்டும் இல்லாமலே இருந்துச்சு. சரி இந்த வருஷம் ஒன்னு சேத்துடலாம்னு முடிவு பண்ணி, சர்வீஸ் செலவோட சேத்து 2,000 வெள்ளிக்குள்ள (மலேசிய ரிங்கிட்) முடிக்கணும்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு (அவ கேட்ட மொத கேள்வி, "இருக்கிற வாட்செல்லாம் மணி காட்டலயா?") தேட ஆரம்பிச்சேன். யாராவது இதே ரூட்ல போறவங்களுக்கு ஒதவும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மொதல்ல எல்லாரும் சொல்றது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அழகுதான், நெலாவுக்கே போன வாட்சு, ஆனா பழைய 861 மெஷின் போட்ட சாதாரண பீஸே நம்ம பட்ஜெட்ட பல மடங்கு தாண்டிடும், அந்தக் காசுல ஒரு பழைய மைவி காரு வாங்கி ஓட்டலாம். அடுத்தது வால்ஷூ 7733, 7734 மெஷின் போட்ட சுவிஸ் வாட்சுங்க, 70கள்ல ஏகப்பட்ட கம்பெனி இதே மெஷின வாங்கி அவங்கவங்க பேர டயல்ல போட்டு வித்தாங்க, கையால சாவி கொடுக்கிறது, வெல கட்டுப்படியாகும். ஆனா இந்த வெலைக்குக் கெடைக்கிறதுல பாதிக்கு மேல டயல் ஒரு கம்பெனி, கேஸ் ஒரு கம்பெனி, முள்ளு இன்னொரு கம்பெனின்னு கோத்து வச்சது. பளபளன்னு புதுசா பெயிண்ட் அடிச்ச டயலோட வர்றத சேக்கிறவங்க பாம்பே ஸ்பெஷல்னே சொல்லுவாங்க. பாத்துப் பாத்து கண்ணு வலிச்சதுதான் மிச்சம், அத விட்டுட்டேன். சிட்டிசன் 8110 புல்ஹெட் ரொம்பப் புடிச்சிருந்துச்சு, பட்டன் ரெண்டும் தலையில இருக்கும், ஆனா நல்ல பீஸு அப்ப கண்ணுல படல.

கடசியா நின்னது சீக்கோ 6139. இதுக்கு ஒரு வரலாறும் இருக்கு. தானா சாவி ஏறுற குரோனோகிராஃப மொதல்ல யாரு கொண்டு வந்தான்னு 1969ல மூனு கூட்டம் போட்டி போட்டுச்சு. செனித் ஜனவரி 10ல எல் ப்ரிமேரோன்னு அறிவிச்சாங்க, ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன் எல்லாம் சேந்த கூட்டணி மார்ச் 3ல அவங்களோடத காட்டினாங்க, சீக்கோ பெருசா சத்தம் ஒன்னும் போடாம மே மாசம் ஜப்பான்ல கடையிலயே வித்துட்டாங்க. யாரு மொதல்னு இன்னிக்கும் சண்ட நடக்குது, என்னக் கேட்டா கடைக்கு வந்தவன்தான் மொதல். அதுக்கப்புறம் வில்லியம் போக்னு ஒரு அமெரிக்க விண்வெளி வீரரு 1973 நவம்பர்ல ஸ்கைலாப் 4 விண்வெளிப் பயணத்துல போறப்ப, நாசா கொடுத்த வாட்சு இருந்தும் தன் சொந்த மஞ்ச டயல் 6139ஐ யாருகிட்டயும் கேக்காம எடுத்துட்டுப் போயி 84 நாள் மேலயே இருந்துட்டு வந்தாரு. அதனால அந்த மஞ்ச டயலுக்கு போக்னே பேரு வந்துடுச்சு, வெலயும் ஏறிடுச்சு. அவரு கட்டினது அமெரிக்காவுல வித்த 6139-6005, நம்ம பக்கம் கண்ணுல படுறது பெரும்பாலும் 6139-6002. உள்ள மெஷின் ரெண்டுக்கும் ஒன்னுதான்.

இந்த மெஷின்ல எனக்குப் புடிச்சது வெர்டிகல் கிளட்ச். பழைய சுவிஸ் குரோனோவுல பட்டன அமுக்கினா ஒரு சக்கரம் பக்கத்துல நகந்து வந்து இன்னொரு சக்கரத்தோட பல்லுல மாட்டும், அப்ப முள்ளு லேசா துள்ளும், மெஷின் பலமும் கொறையும். 6139ல ரெண்டு தட்டு மேலயும் கீழயும் ஒட்டிப் புடிச்சு ஓடும், முள்ளு துள்ளாம கெளம்பும், நாள் பூரா ஓட விட்டாலும் பெருசா ஒன்னும் ஆகாது. இதுல மணி காட்டுற செகண்ட் முள்ளு தனியா கெடையாது, நடுவுல இருக்கிற நீள முள்ளு குரோனோ முள்ளு, 6 மணிப் பக்கம் சின்ன வட்டம் 30 நிமிஷம் வரைக்கும் எண்ணும், அவ்வளவுதான். அதனால நெறையா பேரு குரோனோவ ஓட விட்டே செகண்ட் முள்ளா வச்சுக்குவாங்க.

தேடல் எங்கன்னா, நம்ம டவுன்ல பழைய வாட்சு விக்கிற எடம்னு ஒன்னும் இல்ல, பழைய சாமான் விக்கிற மூடா, கேரூசல் வெப்சைட்ல தேடிக்கிட்டே ஞாயித்துக்கிழம காலையில ஈப்போ மெமரி லேன் சந்தைக்குப் போயிடுவேன். சீக்கிரம் போகணும், வெயில் ஏறிட்டா வெலயும் ஏறிடும். அங்க ஒரு சீனத் தவுக்கே கண்ணாடிப் பொட்டியில மஞ்ச 6139 ஒன்னு வச்சிருந்தாரு, தூரத்துலருந்தே பளபளன்னு தெரிஞ்சுது. "ஜாலான் பாகுஸ், போஸ்"னு (நல்லா ஓடுது) சொல்லி பட்டன அமுக்கிக் காட்டினாரு, ஓடுச்சு, நின்னுச்சு, ரீசெட்டும் ஆச்சு. வெல 1,600. கையில வாங்கி லூப்ல (பெருசாக்கிக் காட்டுற கண்ணாடி) பாத்தா டயல்ல சீக்கோங்கிற எழுத்து பெயிண்ட்ல அடிச்சிருக்கு. அசல்ல அது உலோகத்துல வெட்டி ஒட்டின எழுத்து, சாச்சுப் புடிச்சா நெழல் விழும். 6 மணிக்கு அடியில பொடி எழுத்துல ஜப்பான்னும் 6139ல ஆரம்பிக்கிற டயல் நம்பரும் இருக்கணும், அங்க மொட்டையா இருந்துச்சு. மஞ்ச நெறமும் ஒரு மாதிரி, அசல்ல வெளிச்சம் பட்டா நடுவுலருந்து கதிர் அடிக்கும், இதுல பெயிண்ட் டின்ல முக்கி எடுத்த மாதிரி ஒரே நெறம். பின் மூடிய தொறந்து பாக்கலாமான்னு கேட்டேன், "தாக் போலே"ன்னுட்டாரு (முடியாதுன்னு). தேங்க்ஸ் சொல்லிட்டு ஒரு கோப்பி ஓ குடிக்கப் போயிட்டேன்.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயம். வாங்கறவங்க பாதி பேரு "ஓடுதா"ன்னுதான் மொதல்ல கேக்கிறாங்க. 6139க்கு அது கடசிக் கேள்வி. மெஷின் நின்னு போயிருந்தா ரிப்பேர் பண்ணலாம், இல்லன்னா செத்துப் போன இன்னொரு 6139லருந்து சாமான் கழட்டிப் போடலாம், அந்தக் காலத்துல லட்சக்கணக்குல செஞ்ச மெஷின் இது. அசல் டயல் போனா போனதுதான், இப்ப யாரும் அத செய்யறதில்ல, செய்யறவங்க செய்யறது எல்லாம் அந்த பெயிண்ட் டின் டயல். கேஸும் அப்படித்தான். 6139-6002 கேஸ் மேல பக்கம் பாத்தீங்கன்னா நடுவுலருந்து வெளிய போற மாதிரி நுணுக்கமா கோடு கோடா இருக்கும், ஓரம் கத்தி மாதிரி கூரா இருக்கும். யாராவது பாலிஷ் மெஷின்ல வச்சுட்டா கோடும் போச்சு ஓரமும் போச்சு, சோப்புக்கட்டி மாதிரி ஆயிடும். தைப்பிங்ல ஒரு தம்பி காட்டினது அப்படித்தான் இருந்துச்சு, டயல் அருமையான அசலு, மெஷினும் நல்லா ஓடுது, ஆனா கேஸ மழமழன்னு தேச்சு வச்சிருந்தான். "அண்ணே, புதுசு மாதிரி ஆக்கி வச்சிருக்கேன்ல"ன்னு பெருமையா வேற சொல்றான், என்னத்த சொல்ல. நல்ல பையன், மனசு நோக வேணாம்னு வெல ஜாஸ்தின்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

நம்பர் பாக்கிறது ஈசி. பின் மூடியில 6 எழுத்து சீரியல் இருக்கும், மொத நம்பர் வருஷத்தோட கடசி எண்ணு, ரெண்டாவது மாசம், அக்டோபர் நவம்பர் டிசம்பருக்கு ஓ, என், டின்னு இங்கிலீஷ் எழுத்து வரும். 44ல ஆரம்பிச்சா 1974 ஏப்ரல். இத டயலோட ஒப்பிட்டுப் பாக்கணும், ஏன்னா ஆரம்ப கால டயல்ல தண்ணி 70 மீட்டர் ப்ரூஃப்னு போட்டிருக்கும், அப்புறம் ரெசிஸ்ட்னு மாத்தினாங்க, அதுக்கப்புறம் அந்த வரியே எடுத்துட்டாங்க. அதனால 1974 மூடியோட ப்ரூஃப் டயல் வந்துச்சுன்னா ரெண்டும் வேற வேற வாட்சுலருந்து வந்ததுன்னு அர்த்தம். விக்கிறவங்க பொய் சொல்றாங்கன்னு இல்ல, பாதி பேருக்கு அவங்களுக்கே தெரியாது, எந்தக் கடையிலயோ எப்பவோ மாத்திப் போட்டிருப்பாங்க.

கடசியா எனக்கு மாட்டினது சந்தையிலயும் இல்ல நெட்லயும் இல்ல. கூட்டாளி ஒருத்தன் அவன் மாமனாருகிட்ட "ரெண்டு பட்டன் வாட்சு" ஒன்னு இருக்குன்னான். பக்கத்துத் தோட்டத்துல, செம்பனை (பாமாயில்) ஆலையில ஃபிட்டரா வேல செஞ்சு ரிட்டயர் ஆனவரு, இப்ப மகனோட டவுன்ல தாமான் வீட்டுல இருக்காரு. மைலோ டின்னுலருந்து ஒரு துணிப் பொட்டலத்த எடுத்து அவுத்தாரு. மஞ்ச டயல், கண்ணாடி பூரா கீறல், எண்ணெயும் அழுக்கும் சேந்து கேஸ் இடுக்கெல்லாம் கறுப்பா உறைஞ்சு கெடக்கு, முள்ளு அசையல. ஆனா அந்த அழுக்குக்கு அடியில ஓரம் எல்லாம் கூரா அப்படியே இருக்கு, ஒருத்தன் கையும் படல. லூப் வச்சேன், சீக்கோ எழுத்துக்கு நெழல் விழுது, டயல் நம்பர் இருக்கு, தண்ணி வரி இல்ல, பின்னாடி சீரியல் 1974. முள்ளுல இருக்கிற, இருட்டுல மினுக்குற பூச்சும் டயல்ல இருக்கிறதும் ஒரே மாதிரி பழுத்திருக்கு.

"இத எதுக்கு அங்கிள் வாங்குனீங்க, ஆலையில யாரும் இப்படி கட்ட மாட்டாங்களே?"ன்னு கேட்டேன். "பழம் வேக வைக்கிற கலன்ல ஆவி விட்டு நேரம் பாக்கணும்ல தம்பி, செவுத்துக் கடிகாரம் எப்பவும் நின்னு போயிடும், அதான் போனஸ் காசுல ஈப்போவுல வாங்கினேன்"னாரு. அவரு கட்டவெரல் இன்னும் தானா மேல் பட்டனத் தேடுது, பேசிக்கிட்டே அமுக்கிப் பாக்கிறாரு, பட்டன் உள்ள போகவே இல்ல, துருவும் அழுக்கும் புடிச்சு இறுகிப் போயிருக்கு.

அவரு முன்னாடியே ரப்பர் பந்து வச்சு பின் மூடியத் திருகித் தொறந்தேன். ரப்பர் வாஷர் தார் மாதிரி உருகிப் போயிருந்துச்சு, ஆனா உள்ள மெஷின்ல துரு இல்ல, நம்ம ஊரு ஈரத்துக்கு இது பெரிய விஷயம். மூடியோட உள்பக்கம் ரோட்டர் (கை ஆட்டத்துல சுத்தி சாவி ஏத்துற தட்டு) உரசின தழும்பு லேசாத்தான் இருக்கு. உள்பக்கம் பழைய கடைக்காரங்க கூர் ஊசியால கீறி வைக்கிற சர்வீஸ் குறி ஒன்னே ஒன்னு. இந்த மெஷின்ல சாவியக் கையால ஏத்த முடியாது, ஆட்டினாத்தான் ஏறும், ஆட்டிப் பாத்தேன், பேலன்ஸ் சக்கரம் சோம்பலா ரெண்டு ஆட்டம் ஆடி நின்னுச்சு. உயிர் இருக்கு, எண்ணெதான் இல்ல.

வெல பேச்சு சங்கடமா இருந்துச்சு. அவரு "சும்மா எடுத்துட்டுப் போ தம்பி"ன்னாரு. ஓடாத நெலையிலயே இது என்ன வெலைக்குப் போகும்னு கேரூசல்ல தொறந்து அவரு மகனுக்கும் காட்டிட்டு 900 வெள்ளி கொடுத்தேன். மகன் ஒரு நிமிஷம் என்னயே பாத்துட்டு, "அப்பா, வேற ஏதாச்சும் டின்னுல இருக்கா?"ன்னு கேட்டான்.

சர்வீஸுக்கு ஈப்போவுல ஒரு பழைய சீன ரிப்பேர்காரரு. அவருகிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடியே மூனு விஷயம் தெளிவா சொன்னேன்: கேஸ பாலிஷ் பண்ணக் கூடாது, டயல தொடக் கூடாது, கழட்டுற பழைய சாமான் எல்லாம் எனக்குத் திரும்ப வேணும். அவரு சிரிச்சுட்டு, நடுவுல இருக்கிற கிளட்ச் சக்கரத்த எப்படிக் கழுவுவேன்னு அவரே சொன்னாரு, அத பிரிக்கக் கூடாது, முழுசாவே வச்சு பாக்கணும்னாரு. அதக் கேட்டப்புறம்தான் வாட்ச அவரு கையில கொடுத்தேன். நீங்களும் கொடுக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு கேள்வியா கேட்டுப் பாருங்க, பதில் சொல்லத் தடுமாறினா வாங்கிட்டு வந்துடுங்க. ஸ்பிரிங் டப்பா உக்காருற ஓட்டை தேஞ்சு போறது 6139ல அடிக்கடி வர்ற நோய், என்னோடதுல கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, அவருகிட்ட இருந்த ஒரு செத்த மெஷின்லருந்து பிரிட்ஜ் எடுத்துப் போட்டாரு. வாஷர், கண்ணாடி, மெயின் ஸ்பிரிங் புதுசு. எல்லாம் சேத்து 550.

வாங்கி வந்து வீட்டுல சோதிச்சது: குரோனோவ ஓட விட்டு 60 செகண்ட் தாண்டுறப்ப சின்ன முள்ளு ஒரு கோடு சரியா நகருதா, 30 நிமிஷம் முழுசா சுத்துதா, ரீசெட் அடிச்சா ரெண்டு முள்ளும் நேரா மேல வந்து நிக்குதா (எனக்கு நீள முள்ளு ஒரு மயிரிழை வலது பக்கம் நிக்குது, விட்டுட்டேன்). டைம்கிராஃபர்ல (வாட்சு ஓட்டத்த அளக்கிற கருவி) ஒரு நாளைக்கு 8 செகண்ட் முன்னாடி ஓடுது, குரோனோ ஓடுறப்பவும் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடுற அளவு) பெருசா எறங்கல. சாவிய (பக்கத்துல இருக்கிற திருகி) பாதி அமுக்கினா தேதி, முழுசா அமுக்கினா கெழம மாறும், அதுவும் ஓகே. உள் வளையம் மட்டும் சாவியத் திருப்பினா சுத்த மாட்டேங்குது, அந்தச் சின்ன கியர் தேஞ்சு போச்சு, பெரும்பாலான 6139-600x மாடலுக்கு (6002, 6005 மாதிரி) இந்தக் கதிதான். கெடச்சா பாக்கலாம், அவசரம் இல்ல.

தண்ணி கிட்டயே கொண்டு போறதில்ல, மூடியில என்ன எழுதியிருந்தாலும் சரி. கட்டாத நாள்ல சிலிகா ஜெல் போட்ட டப்பாவுக்குள்ள. இப்ப பிரச்ன பட்டைதான், இதுக்கு 19 எம்எம் வேணும், கடையில எங்க கேட்டாலும் 18 இல்லன்னா 20தான் இருக்கு, போன வாரம் 20 எம்எம் தோல் பட்ட ஒன்னு வாங்கி ரெண்டு ஓரத்தயும் பிளேடால சீவி மாட்டியிருக்கேன், நல்லாத்தான் உக்காந்திருக்கு. அங்கிள்கிட்ட போட்டோ அனுப்பினேன், "பட்டன் வேல செய்யுதா"ன்னு மட்டும் கேட்டு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, குரோனோவ அமுக்குற சத்தத்த போன் கிட்ட வச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டேன்.