ஒரு ரைஃபிளுக்கு நாலு சனிக்கிழமை

ஒருவழியாக ரைஃபிள் வீட்டுக்கு வந்துவிட்டது. எதை வாங்குவது என்று ஆறு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் பெரிதாகச் சறுக்கவில்லை. சறுக்கியதெல்லாம் கடைக் கவுண்டரில்தான்.

ஹூஸ்டனுக்கு மேற்கே, என்னோடு வேலை பார்ப்பவரின் மாமனாருக்கு ஒரு பண்ணை இருக்கிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் ராத்திரியோடு ராத்திரியாக மேய்ச்சல் நிலத்தை உழுது போட்டுவிடுகிறது. "நீங்களும் வந்து சுடுங்களேன்" என்று கூப்பிட்டார். டெக்சஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால், பன்றி சுட 2019 முதல் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். துப்பாக்கி இருந்தால் போதும்.

என் பட்டியலில் மூன்று இருந்தன: 5.56 ஏஆர்-15, ரூகர் மினி-14, .308 ஏஆர்-10 (5.56, .308 எல்லாம் தோட்டா அளவு). மனசு முதலில் போனது மினி-14 பக்கம். மரக்கட்டை, எம்14 என்ற பழைய ராணுவ ரைஃபிளின் சாயல், பார்த்தால் வேட்டைத் துப்பாக்கி மாதிரி இருக்கும். ஏஆர் என்றதும் வீட்டில் முகம் மாறியது இன்னொரு காரணம். (ஏஆர் என்பது ஆர்மலைட் கம்பெனிப் பெயரின் சுருக்கம், 'அசால்ட் ரைஃபிள்' இல்லை என்று சாப்பாட்டு மேசையில் வகுப்பே எடுத்தேன். பருப்பு ஆறியதுதான் மிச்சம்.)

என் சிக்கல் வேறு. நான் இடது கைக்காரன். ஏஆரில் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வலப்பக்கம் தெறிக்கும், அதாவது என் மூக்குக்கு முன்னால். சேஃப்டி லீவரும் வலது கைக்காரருக்கு வசதியாக இடப்பக்கம்தான் இருக்கும். மினி-14-ல் சேஃப்டி, விசையைச் சுற்றிய வளையத்துக்கு முன்னால் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான். இதைக் கடைக்காரரிடம் கேட்டால், "எல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டு, கடையிலேயே விலை கூடிய .308-ஐ எடுத்து நீட்டினார். பேரல் ட்விஸ்ட், அதாவது குழாயின் உள்வரி ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நீளம், எவ்வளவு என்றதற்கு அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். .308 அருமையான தோட்டா, பன்றிக்குக் கனகச்சிதம். ஆனால் ஸ்கோப்போடு நாலரைக் கிலோவைத் தாண்டும்; இருபது தோட்டாவில் என் தோள் கெஞ்சியது. மினி-14 கையில் சுகமாக இருந்தது. ஆனால் அதற்கென்றே தனி மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), ஏஆர் மேகசின் அதில் ஏறாது. உதிரி பாகம் மாற்றிப் பூட்டவும் ஏஆர் அளவுக்கு வழி கிடையாது. ஏஆரிலோ மேல்பாதியை இரண்டு பின் தட்டிக் கழற்றி வேறு பேரல் மாட்டலாம், இரண்டு பக்கமும் இயங்கும் சேஃப்டி லீவரைச் சில டாலருக்கு வாங்கிப் போடலாம். கூடு தெறிக்கும் வாய்க்குப் பின்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அது கூட்டை முகத்துக்கு வராமல் முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. அறுபது தோட்டா சுட்டேன், ஒன்றுகூட மேலே படவில்லை. ஏஆர் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அப்புறம் பேரல். இதைக் கவனிக்காமல் வாங்காதீர்கள். பேரலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 தோட்டா போடக் கூடாது, அழுத்தம் கூடிவிடும். 5.56 பேரலில் .223 சுடலாம். .223 வைல்டு என்ற வகைப் பேரல் என்றால் இரண்டுமே ஓடும். நான் எடுத்தது 16 அங்குலம், வைல்டு, 1:8 ட்விஸ்ட், மிட்-லெங்த் கேஸ் சிஸ்டம் (சுட்ட வாயுவைக் கொண்டு அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு, நடுத்தர நீளம்). குண்டின் எடை 55 கிரெய்னிலிருந்து 77 கிரெய்ன் வரை எதுவும் ஓடும், உதையும் மெத்தென்று இருக்கிறது. .300 பிளாக்அவுட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று ஆசை வந்தது. அதே மேகசினில் ஏறும் தோட்டா அது, தவறி 5.56 பேரலுக்குள் போய்விட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும். வீட்டில் இரண்டையும் கலந்து வைக்கும் தைரியம் எனக்கு இல்லை.

இனி சனிக்கிழமைக் கதை. போனில் "டிரைவிங் லைசென்ஸ் போதும்" என்றார்கள். போய் நின்றால் லைசென்ஸில் பழைய முகவரி. வீடு மாறி மூன்று மாதம் ஆகியும் மாற்றாதது என் சோம்பல்தான், ஒப்புக்கொள்கிறேன். போனில் கரண்ட் பில்லைக் காட்டினேன். அது அரசாங்கக் காகிதம் இல்லை, செல்லாது. கார் ரிஜிஸ்ட்ரேஷன் செல்லும், அதில் புது முகவரியும் இருந்தது. ஆனால் அது வீட்டு டிராயரில் கிடந்தது. நாற்பது மைல் வந்த வழியே திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன், கிரீன் கார்டு எல்லாம் ஃபைலில். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் நம்மவர்கள் உஷாராக இருக்க வேண்டும். என் லைசென்ஸில் நடுப்பெயர் 'கே' என்ற ஒற்றை எழுத்து, தாத்தா பெயரின் இனிஷியல். நேர்மையாக இருப்போமே என்று அதை முழுசாக விரித்து எழுதிவைத்தேன். தப்பு. வெறும் எழுத்துதான் சட்டப்படி பெயர் என்றால் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் 'ஐஓ' (இனிஷியல் மட்டும்) என்று எழுத வேண்டும். நடுப்பெயரே இல்லை என்றால் 'என்எம்என்' (நோ மிடில் நேம்). படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். குடியுரிமை இல்லாதவர்கள் ஏலியன் நம்பரும் (குடியேற்றத் துறை தரும் எண்) எழுத வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் அதோடு சரி. ஹெச்-1பி நண்பர்களுக்கு அது போதாது: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது ஒரு விதிவிலக்கு கையில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடுவதே மத்தியச் சட்டப்படி குற்றம். விளையாட வேண்டாம்.

பின்னணிச் சோதனைக்கு மூன்று பதில் வரலாம்: ப்ரொசீட் (தரலாம்), டிலேய்ட் (தாமதம்), டினைட் (மறுப்பு). எனக்கு டிலேய்ட். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. மூன்று வேலை நாள் கழிந்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம் என்பது மத்திய விதி. இந்தக் கடையோ ப்ரொசீட் வராமல் தருவதில்லை என்றது. சரி, காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பொறுக்காமல் நானே போன் போட்டேன். "ஓ, அது செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதே!" கூப்பிட்டுச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. டிலேய்ட் ஆனால் தினமும் நீங்களே கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

மூன்றாவது சனிக்கிழமை கைக்கு வந்தது. பூட்டுப் பெட்டியை அதற்கு முன்பே வாங்கிவைத்திருந்தேன். வீட்டில் பதினேழு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் டெக்சஸில் அதற்கும் சட்டம் உண்டு.

நாலாவது சனிக்கிழமை ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் இடம். மலிவாகக் கிடைத்ததே என்று பச்சை முனைத் தோட்டா 200 வாங்கிப் போயிருந்தேன். வாசலில் ஒரு பையன் காந்தத்தை நீட்டினான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு முனை, பின்சுவரைக் கெடுக்கும், அனுமதி இல்லை. அவர்களிடமே கூடுதல் விலைக்கு வாங்கிச் சுட்டுவிட்டு வந்தேன்.

பண்ணைக்கு என்னோடு வரப்போகும் மதுரைக்கார அண்ணனிடம் அந்தப் பச்சை முனைத் தோட்டாப் பெட்டியைக் காட்டினேன். "தம்பி, பன்னிக்கு இது ஆகாதுப்பா. சும்மா ஊசி மாதிரி துளைச்சிட்டு மறுபக்கம் போயிரும். சாஃப்ட் பாயின்ட், மொனை மெதுவா இருக்கிற தோட்டா, வாங்கு" என்றார்.

திரும்பவும் அதே கடை. தோட்டாவுக்குப் படிவம் கிடையாது என்பதால் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.