பானைக்கு அடியில் பேர் எதுக்கு

ஒரு வாரமாக பெர்னார்ட் லீச் என்ற குயவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1887இல் ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயர். 1909இல் ஜப்பானுக்குப் போனவர், 1911இல் ஒரு விருந்தில், தான் சித்திரம் தீட்டிக் கொடுத்த பாண்டம் சூளையிலிருந்து செக்கச்செவேலென்று வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு மண்பாண்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அவருடைய சிநேகிதர் யானகி சோயெட்சு, ஜப்பானியச் சிந்தனையாளர். பேர் தெரியாத ஆள் செய்த, வீட்டில் தினமும் புழங்குகிற சாமானில்தான் அழகு இருக்கிறது என்பது அவர் கட்சி. அதற்கு அவர் பௌத்தத்திலிருந்து காரணம் காட்டுகிறார்: சொந்த முயற்சியால் கரையேறுவது ஒரு வழி, அமிதாப புத்தரிடம் தன்னை ஒப்படைத்துவிடுவது இன்னொரு வழி, 'நான் செய்கிறேன்' என்ற நினைப்பில்லாமல் ஒரே கிண்ணத்தை ஆயிரம் தடவை வனைகிறவன் கை இந்த இரண்டாவது வழியில் போகிறதாம். சரணாகதி நமக்குப் புதுசா என்ன. இதில் வேடிக்கை, லீச் தன் பாண்டங்களில் முத்திரை குத்திக்கொண்டேதான் இருந்தார். 1920இல் அவரோடு சேர்ந்து இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை போட்ட ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜிதான் ஊர் திரும்பியபின் பேர் போடுவதை விட்டுவிட்டார்.

இதெல்லாம் மண்டையில் ஓட, ஞாயிற்றுக்கிழமை காட்பாடியிலிருந்து கரிகிரிக்குப் போனேன், பானை வாங்க. ஒரு ஆயா திண்ணையில் உட்கார்ந்து அடி தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடியே இருக்காது, வெறும் ஓட்டைதான். கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டித்தட்டி மண்ணை நகர்த்தி அந்த ஓட்டையை மூடவேண்டும். ஆயா பானையைப் பார்க்கவே இல்லை, தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டே தட்டினார், சத்தம் மாறின இடத்தில் மட்டும் கை ஒரு நொடி நின்றது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், அடி எங்கும் ஒரே கனம்.

"ஆயா, இதுல உங்க பேர் ஏதாவது போடுவீங்களா?"

"இன்னாத்துக்கு கண்ணு? தண்ணி ஒழுகுதான்னுதான பாப்பாங்க."

யானகி கேட்டிருந்தால் குதித்திருப்பார். ஆனால் இந்தப் பேரில்லாத அழகைப் புகழ்கிறவர்கள் யாரும் சூளைக்கு விறகு வாங்குவதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. விறகு விலை, ஏரியில் மண் எடுக்க அனுமதிக்கு அலைந்தது, மகன் வேறு வேலைக்குப் போய்விட்டது என்று ஆயா அடுக்கிக்கொண்டே போனார், கை மட்டும் நிற்கவில்லை.

பானை நூற்றிருபது ரூபாய் என்றார். நான் நூறுக்குக் கேட்டேன். அவரும் கொடுத்துவிட்டார், "கழுநீர் ஊத்தி ரெண்டு நாள் வெச்சிட்டு அப்புறம் அடுப்புல ஏத்து" என்று சொல்லி.