கூரை ஏறினால்தான் தொட்டி நிறையும்: கேரியாக்கூ நாட்குறிப்பு

2024 ஜூலை 15, திங்கள்

பெரில் சூறாவளி கேரியாக்கூவில் கரையேறி இன்றோடு இரண்டு வாரம். ஜூலை 1 காலை, வகை 4 வேகத்தில் (உச்சம் 5) அடித்தது. கேரியாக்கூவும் பக்கத்தில் இருக்கும் பெட்டி மார்ட்டினிக்கும் கரீபியன் கடலிலுள்ள கிரெனடா நாட்டின் சின்னத் தீவுகள். இரண்டிலுமாக ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் இருப்பார்கள். கட்டடங்களில் 98 சதவீதம் சேதம் என்று பிரதமர் டிக்கன் மிட்செல் சொன்னார். கேரியாக்கூவின் முக்கிய ஊரான ஹில்ஸ்பரோவுக்கு மேலே ஏறி நின்று பார்த்தால் அந்தக் கணக்கில் சந்தேகம் வராது.

நிவாரணம் என்று வருகிற எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தீவில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழை பீலி (கூரையோரத்து நீர்த் தொட்டில்) வழியாக வீட்டையொட்டிய சிமென்ட் தொட்டிக்குப் போகும். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். கூரை பறந்த வீட்டுக்குத் தண்ணீரும் பறந்துவிட்டது. ஜனவரியிலிருந்து மே வரை வறட்சி. டிசம்பருக்குள் தொட்டி நிறையாவிட்டால் அடுத்த வருஷம் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே கிறிஸ்தவச் சபைகள் கையிலுள்ள பணத்தை எதில் முதலில் போடுவது என்ற கேள்விக்கு எங்கள் பதில்: கூரையின் ஒரு பக்கம், ஒரு பீலி, ஒரு சுத்தமான தொட்டி. கதவு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் பிறகு.

ஜூலை 18, வியாழன்

தொட்டி வேலை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தப்பு நடப்பது இங்கேதான் அதிகம்.

முதலில் ருசி பார். உப்புக் கரித்தால் கடல் ஏறியிருக்கிறது. குளோரின் உப்பை எடுக்காது. மொத்தமாக இறைத்துக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. டிரல் பே போன்ற கடலோரத் தாழ்வான இடங்களில் இதை மறக்கக் கூடாது.

இறைக்கும் பெட்ரோல் பம்ப்பைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி நிற்கும். வாசனை தெரியாது, ஆள் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். பம்ப் வெளியே, காற்று வாக்குக்குக் கீழ்ப்பக்கம், குழாய் மட்டும் உள்ளே. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

அடியில் இருக்கும் சேறு, இலை, தகரத் துருவை வாரி எடுத்து, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சேற்றோடு குளோரின் போட்டால் மருந்தெல்லாம் சேறே தின்றுவிடும். பிறகு கால் தொட்டி நல்ல தண்ணீர். 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு 80 கிராம் கணக்கில் 65–70 சதவீதக் குளோரின் குருணையைப் போட்டு, முழுக்க நிரப்பி 24 மணி நேரம் விட வேண்டும். ஒரு நாள் காத்திருக்க முடியாவிட்டால் அளவை இரட்டிப்பாக்கி 8 மணி நேரம். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, கொட்டிவிட வேண்டும். நிரப்பவே தண்ணீர் இல்லாத வீட்டில் அதே வீரியத்தில் ஒரு வாளி கரைத்துச் சுவரையும் தரையையும் இரண்டு முறை தேய்ப்போம்.

நம் ஊரில் வாங்கும் பிளீச்சிங் பவுடர் 30 சதவீதத்தை ஒட்டியது. அந்தப் பழக்கத்தில் குருணையைக் கைக்கணக்காக அள்ளிப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். சின்னத் தராசு ஒன்று கட்டாயம்.

கொள்ளளவு தெரியாது என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கு. 10 அடிக்கு 8 அடி, 6 அடி ஆழத் தொட்டி சுமார் 13,600 லிட்டர். அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குருணை.

இன்று ஒரு வீட்டில் மூடியில்லாத தொட்டியிலிருந்து வெள்ளைக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தபோது, புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. குவளையைத் தட்டியதும் நெளிந்து கீழே போயின. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். டெங்கு வருவது இந்த வழியில்தான். மூடி செய்யப் பலகை இல்லாவிட்டாலும் நைலான் வலையை இழுத்து, ஓரத்தை ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டத்தால் அழுத்தித் திருகிவிட வேண்டும். கல் வைத்து மூடினால் அடுத்த காற்றில் வலை போய்விடும்.

ஜூலை 21, ஞாயிறு

கூரையில்லாத கோயிலில் ஆராதனை. வெயில் ஏறுமுன் முடிப்பதற்காகச் சீக்கிரமே தொடங்கினார்கள். பாடல் புத்தகங்கள் நனைந்து ஒட்டிப்போனதால் எல்லாம் மனப்பாடமாகவே பாடப்பட்டது. கர்த்தர் இந்த ஜனங்களைத் தாங்கட்டும்.

ஆராதனைக்குப் பிறகு வீட்டுப் பட்டியல். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அட்வென்டிஸ்ட் என்று சபைக்கு ஒரு நோட்டு வைத்தால் ஒரே வீட்டுக்கு மூன்று தார்ப்பாயும், எந்தச் சபையிலும் சேராத கிழவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும். தெருவுக்கு ஒரு நோட்டுத்தான் சரி. தனியாக இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தை உள்ள வீடு, இதுதான் வரிசை. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் ஏற்ற நடத்தை விதி, உதவியை மதப் பரப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நாங்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறோம். தார்ப்பாய்க் கட்டுக்குள் துண்டுப் பிரசுரம் வைப்பதில்லை. ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிறவரோடு ஜெபிக்கிறோம்; பலர் கேட்கிறார்கள்.

நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: நிலம் யார் பெயரில். இங்கே பல வீடுகள் பிரிக்காத குடும்ப நிலத்தில் நிற்கின்றன. பங்காளிகள் புரூக்ளினிலோ இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலோ இருப்பார்கள். புது வீடு கட்ட அவர்கள் சம்மதம் தேவைப்படும். இருந்த கூரையைத் திரும்பப் போட அந்தச் சிக்கல் குறைவு.

ஜூலை 26, வெள்ளி

சாமான் அனுப்புகிறவர்களுக்கு. பழைய துணி வேண்டாம், உண்மையாகவே வேண்டாம். பிரிக்க ஆள், வைக்க இடம், நனைந்தால் எரிக்க வேலை. கிரெனடாவில் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் துளைக் கருவிகளையும் சார்ஜர்களையும் நேராகச் சொருகினால் அந்த நொடியே போச்சு. பேட்டரி துளைக் கருவி அனுப்பினால் 230 வோல்ட் சார்ஜரோடு அனுப்புங்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே என்ன, எத்தனை என்று எழுதுங்கள். செயின்ட் ஜார்ஜஸில் இறக்கி மறுபடி படகில் ஏற்றித்தான் இங்கே வரும். "நிவாரணப் பொருள்" என்று மட்டும் எழுதிய பெட்டி துறைமுகத்தில் கடைசியாக நகரும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கூரை. விழுந்து கிடக்கும் தகரம் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தால் காரணம் அதிலேயே இருக்கிறது. இன்று எடுத்த ஒரு ஷீட்டில் ஆணித் துளைகள் வட்டமாக இல்லை, கண்ணீர்த்துளி மாதிரி ஒரு பக்கம் இழுபட்டிருந்தன. ஆணி மரத்திலேயே நின்றது, தகரம் கிழிந்து கழன்றது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. மூலை, இறவாரம், முகடு இந்த மூன்று இடத்திலும்தான் இழுப்பு அதிகம். அங்கே தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். 100 சதுர அடிக்கு 80 முதல் 100 ஸ்க்ரூ பிடிக்கும். தகரம் 26 கேஜை விட 24 கேஜ் தடிமன். விலை கூடினாலும் அதையே வாங்கச் சொல்கிறோம். ஸ்க்ரூவை ரப்பர் வாஷர் லேசாக உப்பும் வரைதான் முடுக்க வேண்டும். பிதுங்கினால் ரப்பர் கிழிந்து ஒழுகும்.

வேறு வகை வீடுகளும் உண்டு. தகரம் கைமரத்தோடு அப்படியே ஒட்டியிருக்க, மொத்தக் கூரையும் ஒரே துண்டாகப் பக்கத்து வளவில் கிடக்கிறது. அங்கே கைமரத்தைக் கட்டும் இரும்புப் பட்டி இல்லை, அல்லது பட்டியில் இரண்டே ஆணி. கைமரத்தைச் சுவர் உத்திரத்தோடு கட்டும் இரும்புப் பட்டியின் எல்லாத் துளையிலும் ஆணி இறங்க வேண்டும். உத்திரத்தைச் சுவரின் மேல் ஓடும் கான்கிரீட் பெல்ட்டில் 4 அடிக்கு ஒரு அரை அங்குல போல்ட் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் மற்ற செலவு வீண். செம்பு மருந்து ஏற்றிய பைன் மரம் சாதாரண ஆணியை அரிக்கும், கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே கெட்டியாகத் துத்தநாகம் தோய்த்ததோ ஸ்டெயின்லெஸ்ஸோதான்.

இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். தாழ்வாரத்துக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகப் போட வேண்டும். அது போனாலும் வீடு நிற்கும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எர்னெஸ்டோ புயலாகிவிட்டது. அதன் பாதை வடக்கே, லீவர்ட் தீவுகள் பக்கம். இருந்தாலும் இன்று கூரை வேலை நிறுத்தம். கிழிந்த தகரங்களை அடுக்கிக் கம்பியால் கட்டினோம்; கிடக்கும் தகரம்தான் அடுத்த காற்றில் கத்தி.

தார்ப்பாய்களையும் சுற்றிப் பார்த்தாயிற்று. ஓரத்து வளையத் துளைகளில் கயிறு கட்டியவை தளர்ந்து படபடக்கின்றன. ஓரத்தை ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றித் திருகியவை அசையவில்லை. முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்று நான்கு அடி இறங்காத தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

24க்கு 30 அடி வீட்டில் இரண்டு பக்கமும் தகரம் ஏறியாயிற்று. அளவு 67 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். தெறிப்பதும் வழிவதும் கழித்து ஐந்தில் நான்கு பங்கு தேறும். 25 மில்லிமீட்டர் பெய்தால் 1,340 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் ஐந்து பேருக்குப் பதினேழு, பதினெட்டு நாள்.

பீலி 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு, தாங்கி 2 அடிக்கு ஒன்று. இறங்கு குழாயின் வாய் தொட்டியை விட்டு விலகியே இருக்கட்டும். முதல் மழை தகரத்து எண்ணெயையும் இரும்புத் தூளையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தரையில் விட்டுப் பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். குடிக்க எடுக்கும் தண்ணீருக்கு 5–6 சதவீத, வாசனை சேர்க்காத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாக இருந்தால் 4, அரை மணி நேரம் பொறுக்கவும். இந்த வீட்டம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. 20 லிட்டர் வாளியில் கோடு கிழித்து, அதற்கு வேண்டிய 40 சொட்டையும் ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மில்லி என்று கீறி, பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.