மேசையில் கிடந்த தாள்

"அண்ணா, நான் எழுதிக் குடுத்ததை மேல அனுப்பிட்டீங்களா?"

மாலையில் அலுவலகத்துத் தம்பி ஒருவர் கேட்டார். அந்தத் தாள் என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது. எழுத்தின் மேல் வட்டமாய்க் கறை.

சட்டென்று ஏலி செய்ராதான் நினைவுக்கு வந்தார்.

1972-ல் இஸ்ரேல் ராணுவ உளவுத்துறைத் தலைவரான ஜெனரல். கூர்மையான மூளை. தன் கணிப்பில் அசையாத நம்பிக்கை.

1973 அக்டோபரில் சூயஸ் கால்வாயின் அக்கரையில் எகிப்தியப் படைகள் குவிந்தன. போருக்கு வாய்ப்பு குறைவு என்றே அவர் துறை சொல்லிவந்தது. தொலைதூரம் பாயும் போர்விமானங்கள் இல்லாமல் எகிப்து இறங்காது என்பது அவர்கள் பிடித்த பிடி.

இஸ்ரேல் ராணுவத்தின் தெற்குக் கட்டளையகத்தில் பெஞ்சமின் சிமான் டோவ் என்றொரு இளம் லெப்டினன்ட். பயிற்சி என்ற போர்வையில் எகிப்தியர்கள் போருக்கே தயாராகிறார்கள் என்று அக்டோபர் 1-லும் 3-லும் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரியைத் தாண்டி அது தலைமையகத்துக்குப் போகவில்லை.

6-ஆம் தேதி பிற்பகல் போர் வெடித்தது.

1974-ல், முன்கூட்டியே எச்சரிக்கத் தவறியதை விசாரித்த அக்ரநாத் ஆணையம், செய்ரா பதவியில் தொடரக் கூடாது என்றது. எனக்கென்னவோ அந்த லெப்டினன்ட்டை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

கறையைத் துடைத்தேன். தம்பியை உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.