ஒரு பாரைத் தேடி: நீர்ப்பெட்டி நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

கணினி சிமுலேஷனில் புரதத்தை இறக்குவதற்கு முன், வெறும் நீர் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்த்துவிட நினைத்தேன். எஸ்பிசி/ஈ என்ற நீர் மாதிரி, 5,400 மூலக்கூறுகள், பக்கத்துக்கு சுமார் ஐந்தரை நானோமீட்டர் பெட்டி, 300 கெல்வின், 1 பார் அழுத்தம் (ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் 100 பிக்கோவினாடி ஓடி முடிந்தது. அழுத்தத்தை வரைந்தால் திரை முழுக்க முள். ஓர் இடத்தில் +240 பார், கொஞ்சம் தள்ளி -190. சராசரி -7. நான் கேட்டது 1.

ஆய்வகத்தில் மூத்தவரான அக்காவிடம் காட்டினேன். "சராசரியை மட்டும் சொன்னா எப்படி? அதோட பிழை எவ்வளவு?" என்றார். ஓட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளின் சராசரிகள் தங்களுக்குள் எவ்வளவு விலகுகின்றன என்று கணக்கிட்டேன். 9 பார். அதாவது -7 கூட்டல் கழித்தல் 9. நான் கேட்ட 1 அதற்குள்தான் இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

இவ்வளவு ஆட்டம் எதனால் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். சிமுலேஷனில் அழுத்தம் இரண்டு பங்குகளின் கூட்டல். மூலக்கூறுகளின் ஓட்டத்தால் வருவது ஒன்று, அவை ஒன்றையொன்று இழுப்பதாலும் தள்ளுவதாலும் வரும் விரியல் மற்றொன்று. ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டால், 300 கெல்வினில் நீருக்கு முதல் பங்கு மட்டுமே சுமார் 1,380 பார். அப்படியென்றால் விரியல் -1,379. மாதம் 1,380 ரூபாய் வரவு, 1,379 ரூபாய் செலவு உள்ள வீட்டில் மிச்சமாகும் ஒரு ரூபாயைப் போன்றது நம்முடைய 1 பார். செலவு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மிச்சம் எங்கோ போய்விடும்.

216 நீர் மூலக்கூறுகள் உள்ள சின்னப் பெட்டியில் இந்த ஆட்டம் 500 முதல் 600 பார் வரை இருக்கும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது குறையும். என் பெட்டி அதைப்போல் 25 மடங்கு, ஆகவே ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 110. எனக்கு வந்தது 112. மனசு கொஞ்சம் அமைதியானது.

இன்னொன்றும் குறித்து வைக்க வேண்டும். நீர் லேசில் அமுங்காது. 1 பார் கூட்டினால் அடர்த்தி 0.0045 சதவீதம்தான் ஏறும். எனவே -7க்கும் 1க்கும் உள்ள வித்தியாசம் அடர்த்தியில் தெரியவே தெரியாது.

ஜூன் 5, புதன்

முதலாண்டு மாணவி ஒருத்தி, "அண்ணா, அழுத்தம் மைனஸ்ல எப்படிப் போகும்?" என்று கேட்டாள். வாயுவில் போகாது, திரவத்தில் போகும். இழுத்துப் பிடித்த திரவம் சுருங்கப் பார்க்கும், அதுதான் எதிர்மறை அழுத்தம். உயர்ந்த மரங்களின் தண்டுக்குள் ஏறும் நீர் அப்படி இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது. நல்ல கேள்வி.

ஜூன் 7, வெள்ளி

10 நானோவினாடி ஓட்டம் முடிந்தது. சராசரி அழுத்தம் 1.4, பிழை 0.9. மனசுக்குள் முடித்துவிட்டேன். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று அடர்த்தியைப் பார்த்தால் 985.6.

எஸ்பிசி/ஈ நீருக்கு ஒரு கனமீட்டருக்கு 998 கிலோவை ஒட்டி வர வேண்டும். குறைவது சுமார் ஒன்றேகால் சதவீதம். பாருக்கு 0.0045 சதவீதம் என்ற அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 280 பார். இத்தனை பெரிய அழுத்தம் எங்கே ஒளிந்திருந்தது?

சாயங்காலம்தான் பிடிபட்டது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய இழுப்பான வான் டெர் வால்ஸ் விசையை நான் 0.9 நானோமீட்டரில் வெட்டியிருந்தேன். அதற்கு அப்பால் இருக்கும் மூலக்கூறுகளின் இழுப்பு ஒவ்வொன்றும் அற்பம்தான், ஆனால் அவை கணக்கில்லாமல் இருக்கின்றன. வெட்டுக்கு அப்பால் விட்டுப்போன அந்த வாலைத் தொகையிட்டுச் சேர்க்கும் சூத்திரத்தில் எஸ்பிசி/ஈயின் எண்களைப் போட்டேன். -279 பார் வந்தது. தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இந்தத் திருத்தத்தைப் போடுவதா வேண்டாமா என்று சொல்லும் டிஸ்ப்கார் என்ற வரிக்கு எதிரே "நோ".

இப்போது எல்லாம் பொருந்துகிறது. பெட்டியின் அளவை மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்யும் பாரோஸ்டாட்டுக்குக் கொடுத்த வேலை, கணக்கில் வரும் அழுத்தத்தை 1க்குக் கொண்டுவருவது. இழுப்பில் ஒரு பகுதி காணாமல் போனது அதற்குத் தெரியாது. பெட்டியை ஊதவிட்டு 1ஐக் காட்டிவிட்டது. நான்கு நாளாக நான் உற்றுப் பார்த்த அழுத்த வரைபடத்தில் இந்தத் தவறின் சுவடே இல்லை. இருக்கவும் முடியாது.

ஜூன் 8, சனி

திருத்தத்தைப் போட்டு மறுபடி ஓட்டினேன். அடர்த்தி 998. அழுத்த வரைபடம் அதே முள்.

ஜூன் 10, திங்கள்

இன்று கன அளவின் ஆட்டம். அமுங்கும் தன்மை தெரிந்தால் அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். என் பெட்டிக்கு 162 கன நானோமீட்டரில் 0.55. எனக்கு அதைவிடக் குறுகலாக வந்தது. காரணம், நான் வைத்திருந்தது 1984இல் வந்த பெரெண்ட்சன் பாரோஸ்டாட் முறை. சராசரிக்கு மென்மையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் இயல்பான ஆட்டத்தை அடக்கிவிடும். தொடக்கத்தில் பெட்டியை நிலைக்குக் கொண்டுவர அது போதும், அளவெடுக்க உதவாது. பாரினெல்லோ-ரஹ்மான் போடலாம், ஆனால் சமநிலைக்கு வெகு தூரத்தில் தொடங்கினால் பெட்டி ஊஞ்சலாடும். 2020இல் பெர்னெட்டியும் புஸ்ஸியும் தந்த சி-ரீஸ்கேலை வைத்தேன்.

ஜூன் 12, புதன்

கன அளவின் ஆட்டம் 0.54. சரி, இனி புரதத்தை இறக்கலாம்.

அந்த "நோ" எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஆய்வகப் பொதுக் கோப்புறையில் இருந்து நான் நகலெடுத்த கோப்பு, சவ்வு சிமுலேஷனுக்காக எழுதப்பட்டது. சார்ம் 36 என்ற விசைப்புல மாதிரியின் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு அங்கே கட்-ஆஃப், அதாவது விசையை வெட்டும் தூரம், 1.2 நானோமீட்டர், திருத்தம் போடாமல் விடுவதுதான் சரி. அதை 0.9 ஆக்கி வெறும் நீருக்குப் போட்டவன் நான். பொதுக் கோப்பில் அந்த வரியை மாற்றவில்லை. அதன் மேலே ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தேன்: "சவ்வுக்கு மட்டும். வேறு எதற்கு எடுத்தாலும் முதலில் அடர்த்தியைப் பார்க்கவும்."